காலனி ரோஸ்

தொண்ணூறுகளில் சில வருடங்கள் நான் ஒரு சென்ட் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய நூல் கிடங்கு, அதற்குள் நாலைந்து மேசை, தரையில் விரித்த சாக்கு, சுவரோரம் அடுக்கிய டின்கள். பம்பாயிலிருந்து எசன்ஸ் வரும். அதை ஸ்பிரிட்டில் கலந்து ஊறவிட்டு, வடிகட்டி, விரல் உயரப் பாட்டில்களில் நிரப்பி, மூடியை இறுக்கி, லேபிள் ஒட்டி அனுப்புவோம். நான் பன்னிரண்டாவது முடித்து டைப்பிங்கும் படித்திருந்ததால் லேபிளும் பில்லும் என் பொறுப்பு. மற்றப் பெண்கள் பாட்டில் நிரப்புவார்கள்.

எங்கள் சரக்கில் பாதிக்குமேல் ரோஜாதான். அந்த மணம் எங்களை விடவே விடாது. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும், மத்தியானம் சோற்றைப் பிசைந்தால் சோறும் ரோஜா, ரசமும் ரோஜா. சூலூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலேயே "சென்ட் கம்பெனி வந்தாச்சு" என்பார். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முதலாளிக்குச் சூலூர்ப் பக்கம் தோட்டம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட பிறகு அவர் வியாபாரத்துக்கு வந்துவிட்டார். தோட்டத்தை அவருடைய அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சம்பளம் தள்ளிப்போனதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவரே மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புவார். யாரையும் பெயர் சொல்லி அதட்டமாட்டார். "அம்மணி, அதைக் கொஞ்சம் எடுங்க", "அம்மணி, இதைச் சித்தப் பாருங்க" என்றுதான் பேச்சு. ஆனால் ஒரு விஷயம் உண்டு. கம்பெனியில் எனக்கு 'வாங்க' என்று சொல்கிற அதே வாய், தோட்டத்தில் கூலிக்குக் களையெடுக்கும் என் அம்மாவுக்கு 'வா' என்று சொல்லும். அம்மா அவரைவிட வயதில் மூத்தவள். இந்த வித்தியாசம் அவர் கண்ணில் பட்டதாகவே எனக்குத் தெரியவில்லை.

புது எசன்ஸ் வந்தால் முதலாளி பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டு முகர்ந்து பார்ப்பார். பார்த்ததும் ஒரு பெயர் வைப்பார். மல்லிகை 'புதுப்பொண்ணு வாசம்'. சந்தனம் 'கோயில் வாசம்'. ஊதுவத்திக்கென்று வந்த ஒன்று 'எழவு ஊட்டு வாசம்'. பச்சையாக, லேசாகக் கசந்த ஒன்றை முகர்ந்துவிட்டு "இது கலெக்டர் வாசமுங்க, நம்ம சனத்துக்குப் புரியாது" என்று டின்னை மூடிவிட்டார். அத்தர் வந்தால் 'பாய் கடை'. சிரிப்புக்காகச் சொல்வதில்லை, குத்திக்காட்டவும் சொல்வதில்லை. அவர் மூக்கில் மணங்கள் அப்படித்தான் பிரிந்து கிடந்தன. ஒவ்வொரு மணத்துக்கும் ஓர் ஆள், ஓர் இடம், ஒரு தெரு.

ரோஜாவில் இரண்டு சரக்கு போட்டோம். ஒன்று லேசானது, நீளப் பாட்டிலில் டவுன் கடைகளுக்குப் போகும். இன்னொன்று கெட்டியானது, குட்டிப் பாட்டிலில் சந்தைக்கும் கிராமத்துப் பெட்டிக்கடைக்கும் போகும். இரண்டும் ஒரே டின்னிலிருந்து வருபவைதான். லேசானதில் ஸ்பிரிட் கூட, அவ்வளவுதான். லேசானதற்கு 'ஊட்டு ரோஸ்', அதாவது வீட்டு ரோஸ் என்று பெயர். கெட்டியானதற்கு முதலாளி வைத்த பெயர் 'காலனி ரோஸ்'.

"அவங்களுக்கு இப்பிடிக் கும்முனு தூக்கி அடிக்கோணுங்க. அப்பத்தான் மத்த வாசம் தெரியாது" என்று விளக்கமும் கொடுத்தார். சொன்னது எங்களிடம்தான். அங்கே உட்கார்ந்து பாட்டில் நிரப்பிய பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் ஏதாவதொரு காலனியிலிருந்து வந்தவர்கள், நானும் உட்பட. பெயர் ஒட்டிக்கொண்டது. "காலனி ரோஸ் மூடி தீந்துபோச்சு" என்று நாங்களே சொல்லுமளவுக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் காது சுட்டது. சுட்டு என்ன செய்ய, பில்லில் 'ரோஸ் - சிறியது' என்று எழுதி என் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

மூடி சரியாக இறுகாமல் கசியும் பாட்டில்களை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். முதல் தடவை நான் வீட்டுக்குக் கொண்டுபோனது அந்தக் கெட்டி ரோஜாவைத்தான். அம்மா மூடியைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் முகர்ந்தாள்.

"இது செடியில இருக்கற ரோஸு மாதிரி இல்ல கண்ணு" என்றாள். "கல்யாணத்துக்கு எடுத்த சீலைக்குள்ள வெச்சு மறந்துபோட்ட ரோஸு மாதிரி இருக்குது."

அந்தக் கம்பெனியில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும், ஒரு மணத்தைப் பற்றி யாரையும் தாழ்த்தாமல் சொல்லப்பட்ட வார்த்தை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு அந்தப் பாட்டில் தேவையாகவும் இருந்தது. சந்தை நாளில் அவள் காட்டிலிருந்து நேராக பஸ் ஏறுவாள். எங்கள் பக்கம் தோட்டத்துக்குக் காடு என்றுதான் பேச்சு. வெயிலில் குனிந்து களையெடுத்தவள் மேல் வேர்வை அடிக்காமல் வேறென்ன அடிக்கும்? ஒரு நாள் பக்கத்தில் நின்ற அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கட்டால தள்ளி நில்லு" என்றாளாம். பிறகு அம்மா வாய்க்காலில் கைகால் கழுவி, ஜாக்கெட் கையில் ரோஜாவைத் தொட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். ஒரு தடவை கொஞ்சம் கூடப் போய்விட்டது. முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "பொணத்துக்கு ஊத்தற மாதிரி ஊத்திக்கிட்டு வந்துருக்குதுக" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். அன்று நானும் அம்மாவோடு இருந்தேன். எனக்கு வாய் துறுதுறுத்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள்.

இறங்கி நடக்கும்போதுதான் பேசினாள். "வேர்வைன்னாலும் மூக்கப் பொத்தறாங்க, சென்ட்டுன்னாலும் மூக்கப் பொத்தறாங்க. அவங்க மூக்குக்கு நாம என்ன கண்ணு பண்றது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் தீபாவளி நோம்பிக்கு ஆட்டோவில் ரேடியோ செட், அதாவது ஒலிபெருக்கி, கட்டி ஊர் ஊராக விளம்பரம் செய்வது என்று முதலாளி முடிவு செய்தார். நோம்பி என்றால் எங்கள் பக்கம் பண்டிகை. கேசட்டில் பேச ஒரு பெண் குரல் வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவள். கம்பெனியிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் பேப்பர் படித்துக் காட்டுவேன். முதலாளி வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறார்.

"அம்மணி, உங்க கொரலு ரேடியோல பேசற மாதிரியே இருக்குதுங்க. நீங்களே பேசிப்போடுங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். என் மகள் குரல் ஆட்டோவில் வரும், நம் தெருவுக்கும் வரும் என்று குழாயடியில் ஒரே பேச்சு.

டவுன்ஹாலில் ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் இருந்தது ஸ்டுடியோ. சுவர் முழுக்கச் சாக்குத் துணி அடித்திருந்தார்கள். ஃபேன் போட்டால் சத்தம் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். வேர்த்துக் கொட்டியது. முதலாளி தன் கையால் எழுதிய தாளை அங்கே வந்துதான் கொடுத்தார். 'தாய்மார்களே, சகோதரிகளே, இந்தத் தீபாவளிக்கு உங்கள் இல்லமெல்லாம் ரோஜா மணக்கட்டும்' என்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. கணீரென்று படித்தேன். ஸ்டுடியோக்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த வரி இது: 'காட்டு வேலை செய்து வேர்வை நாற்றமா? பஸ்ஸில் உங்களைக் கண்டு விலகிப் போகிறார்களா? ஒரே ஒரு சொட்டு போதும். இனி எல்லோரும் உங்கள் பக்கத்தில் உட்காருவார்கள்!'

நான் நிறுத்திவிட்டேன். இந்த வரியை எழுத முதலாளி எங்கேயும் போய் விசாரித்திருக்க வேண்டியதில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் பார்க்கக்கூடியதுதான். ஆனால் அதை என் குரலில், என் அம்மா தண்ணீர் பிடிக்கும் தெருவில் ஒலிக்கவிட என்னால் முடியாது.

"ஏன் அம்மணி நின்னுபோட்டீங்க?"

"இந்த வரி வேண்டாமுங்க. நல்லால்லீங்க."

"நாத்தத்த நாத்தம்னுதானுங்க சொல்லோணும். மூடி மூடிப் பேசுனா சென்ட்டு எப்பிடிங்க விக்கும்?"

"உங்கம்மாளும் காட்டுலதானுங்க வேலை செய்யறாங்க. எங்கம்மாகூட ஒட்டுக்காத்தான் களையெடுக்கறாங்க. அவங்களையும் இப்பிடிச் சொல்லுவீங்களா?"

சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்போலப் பொறுமையாகச் சொன்னார்.

"அது வேறங்க அம்மணி. அவங்க சொந்தக் காட்டுல பாடுபடறாங்க. அது ஒழைப்புங்க."

என் அம்மா உடம்பில் வருவது நாற்றம், அவர் அம்மா உடம்பில் வருவது உழைப்பு. ஒரே காடு, ஒரே வெயில், ஒரே களைக்கொத்து. தாளை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப நான் இதப் படிக்கமாட்டனுங்க" என்றேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டுடியோவுக்கு மணிக் கணக்கில் வாடகை. "சரி போகட்டுமுங்க. தம்பி, அந்த ஒரு வரிய மட்டும் நீங்க சொல்லிப்போடுங்க" என்று ஸ்டுடியோக்காரரிடம் சொன்னார். அவரும் சொல்லிவிட்டார். மீதியை நான் படித்தேன். கீழே இறங்கியதும் முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேலையும் போகவில்லை, வரியும் என் வாயில் வரவில்லை என்று நிம்மதியாக பஸ் ஏறினேன்.

ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு சாயங்காலம். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். 'தாய்மார்களே, சகோதரிகளே' என்று என் குரல் வந்ததும் பிள்ளைகள் "அக்கா! அக்கா!" என்று ஆட்டோவின் பின்னால் ஓடினார்கள். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தெருவே கேட்கட்டும் என்பதுபோல நிமிர்ந்து நின்றாள். அப்புறம் ஸ்டுடியோக்காரர் குரல் வந்தது. வேர்வை நாற்றமா என்றது. விலகிப் போகிறார்களா என்றது. உடனே மறுபடியும் என் குரல், 'கேட்டு வாங்குங்கள் தாய்மார்களே, மறந்துவிடாதீர்கள்' என்று உற்சாகமாக வந்தது.

குழாயடியில் நின்றவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அந்த வரியைப் படிக்கமாட்டேன் என்று சொன்னதை, முதலாளியிடம் மல்லுக்கு நின்றதை, ஸ்டுடியோக்காரர் பேசியதை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன்.

அம்மா முழுவதையும் கேட்டாள். "நீ சொல்லமாட்டீன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஆனா முன்னால பேசறதும் நீ, பின்னால பேசறதும் நீ. நடுவுல மட்டும் ஆளு வேறன்னு தெருவுல ஆருக்குத் தெரியும் கண்ணு?" என்று கேட்டாள்.

அன்றைக்கு என் தொண்டையையே எனக்குப் பிடிக்காமல் போனது. மறுநாள் சந்தைக்குப் போகும்போது அம்மா ரோஜாப் பாட்டிலைத் தொடவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் தொடவில்லை. பஸ்ஸிலும் ஏறவில்லை. நடந்தே போனாள்.

இந்தக் கதை அதோடு முடிந்திருக்கும். எங்கள் தெருவில் யார் முகம் சுருங்கினால் என்ன, ஆட்டோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் முதலாளி ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான காட்டுக்காரர்களும் காட்டு வேலை செய்பவர்கள்தான். கூலியாளை வேலையில் விட்டுவிட்டு வரப்பில் குடை பிடித்து நிற்கிற வழக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. ஆளோடு ஆளாகக் குனிந்துதான் நிற்பார்கள். அவர் எழுதிய வரிக்குள் அவருடைய அம்மா, பெரியம்மா, அக்கா, தங்கை எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

நடந்ததை அம்மாதான் வந்து சொன்னாள். வெங்காயக் காட்டில் முதலாளியின் அம்மாவும் இவளும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் ஆட்டோ வந்திருக்கிறது. "நம்ம பையன் கம்பெனி ஆட்டோ அல்ல?" என்று அந்தம்மாள் ஆசையாக நிமிர்ந்திருக்கிறார். நாற்ற வரியைக் கேட்டதும் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"காட்டு வேல செஞ்சா நாறுமாமா? ஆரச் சொல்றான் அவன்? நான் இந்தக் காட்டுல நாறுன நாத்தத்துலதான அவனப் படிக்க வெச்சேன்? பொழுதோட வரட்டும், கேக்கறேன்" என்று ஒரே சத்தமாம்.

"நீ என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் சொல்றது? குனிஞ்சு களையெடுத்தேன்."

ஆட்டோ அடுத்த நாளே நின்றுவிட்டது. முதலாளி முகம் தொங்கிப்போய் கம்பெனிக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். பழைய வரி இல்லை. அந்த இடத்தில், 'உழைத்துக் களைத்த உடலுக்கு ஒரு சொட்டு ரோஜா. உங்கள் உழைப்புக்கு எங்கள் வணக்கம்' என்று இருந்தது.

"அம்மா எங்கூடப் பேசறதே இல்லீங்க. மனசு ரொம்பச் சங்கட்டப்பட்டுப்போச்சு அவங்களுக்கு" என்றார்.

"நான் சொன்னப்ப அது வேறன்னு சொன்னீங்களேங்க."

முதலாளி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "நீங்க சொன்னப்ப எனக்கு அது தெரியலீங்க அம்மணி" என்றார்.

என் அம்மாவுக்கும் சங்கடம்தானே என்று கேட்டிருக்கலாம். கேட்டால், "அவங்களுக்குந்தானுங்க" என்று மரியாதையாகச் சொல்லியிருப்பார். அந்த மரியாதையைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. தாளைச் சுக்குநூறாகக் கிழித்து அவர் மேசையிலேயே போட்டுவிடலாமா என்று இருந்தது. கிழிக்கவில்லை. புது கேசட் வராவிட்டால் பழையது மறுபடியும் எப்போது ஓடுமோ தெரியாது. தவிர, நடுவில் இருக்கும் அந்த வரியை இந்தத் தடவை நானே சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

அதே ஸ்டுடியோ, அதே புழுக்கம். 'உங்கள் உழைப்புக்கு எங்கள் வணக்கம்' என்ற இடத்தில் நான் யாரை நினைத்துக்கொண்டேன் என்று முதலாளிக்குத் தெரியாது. தன்னுடைய அம்மாவை நினைத்துத்தான் நான் சொல்கிறேன் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். படித்து முடித்ததும் ஸ்டுடியோக்காரர், "போன தடவையவிட நல்லா வந்துருக்குதுங்க" என்றார்.

இன்னொரு காரியமும் செய்தேன். அதற்கப்புறம் முதலாளி 'காலனி ரோஸ்' எடுத்து வரச் சொன்னால், "எதுங்க?" என்று கேட்டுவிட்டு அப்படியே நிற்பேன். அவர் விழிப்பார். "அதானுங்க, அந்தக் கெட்டி ரோஸு" என்று சொல்லும்வரை நகரமாட்டேன். சில நாள் ஞாபகமாகக் கெட்டி ரோஸ் என்பார், சில நாள் மறந்துவிடுவார். மறந்த நாளெல்லாம் நின்றேன். மற்றப் பெண்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். பிறகு அவர்களும் கெட்டி ரோஸ் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

புது கேசட்டோடு ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தபோது நோம்பி நெருங்கிவிட்டது. இந்தத் தடவை அம்மா வெளியே போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் குரல் ஜன்னல் வழியாக வந்தது. ரோஜா மணக்கட்டும் என்றது. உழைத்துக் களைத்த உடலுக்கு என்றது. உங்கள் உழைப்புக்கு எங்கள் வணக்கம் என்றது. ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அம்மா தலையைத் தூக்கவில்லை. பழைய வரி வருமோ என்றுதான் காத்திருந்திருப்பாள்.

"நடுவுல இருந்தத எடுத்துப்போட்டாங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு." ஒரு வெங்காயத்தை உரித்துத் தட்டில் போட்டாள். "ஒழைப்புக்கு வணக்கம்னு சொல்றியே, அது ஆரச் சொல்றே கண்ணு? அந்தக் காட்டுக்காரம்மாளையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்றம் என்று சொன்னபோது, அது தன்னைத்தான் சொல்கிறது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேட்ட அந்த நொடியே குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவள் அவள். இன்றைக்கு வணக்கம் என்றால் அது யாருக்கோ என்று நினைக்கிறாள்.

"உன்னத்தாம்மா" என்றேன். "உன்ன நெனச்சுத்தான் சொன்னேன். நடுவுல பேசறதும் இந்தவாட்டி நான்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். வெங்காயம் உரித்த கை. கண்ணைத் துடைக்கவும் முடியாமல் புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்னையா?" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் காது கொடுத்துக் கேட்டாள். "அந்த ஆட்டோ இன்னொருக்கா இந்தப் பக்கம் வருமா கண்ணு?"